தொண்டையில் ஒரு வெள்ளை நார்

"மூச்சு விடு கண்ணு... பாதி எடுத்துட்டேன்... விடு, மூச்சு விடு!"

காலை ஏழரை மணி.

அந்தக் குரல் அடுவாக்ரோம் சந்தைத் தெருவின் அத்தனை வாய்களையும் மூட வைத்தது. கோகோ என்கிற கம்பங்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கோழிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன் கோழியோடு ஓடினான்.

பொது முற்றத்து வீடு. மூன்றாவது அறை.

பாயில் டூஃபி. வயது எட்டு. உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை.

அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள் தாச்சிவா. டூஃபியின் அப்பா செரெமேவுக்கு இரண்டாந்தாரம். முதல் தாரம் போய்ச் சேர்ந்து நாலு வருடம்.

தாச்சிவாவின் வலது கையில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"கொன்னுட்டா... என் அக்கா பிள்ளைய இந்தப் பாவி கொன்னுட்டா!"

கத்தியவன் ஜிமா. டூஃபியின் தாய்மாமன். அந்த ஊரில் பிள்ளை என்றால் அம்மா வீட்டுப் பிள்ளைதான். அப்பன் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ள வேண்டியது. தாய்மாமன் கத்தினால் ஊரும் சேர்ந்து கத்தும்.

கத்தியது.

இன்ஸ்பெக்டர் பெடியாகோ வந்து இறங்கியபோது மணி எட்டு. பதினெட்டு வருட சர்வீஸ். தப்பான ஆளை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பின்னால் கார்ப்பரல் நியார்கோ. கையில் நோட்டு. காதில் பேனா.

பெடியாகோ குனிந்து டூஃபியின் வாயைப் பார்த்தார். உதட்டோரம் கீறல்கள். மூன்று. புதுசு. தொண்டைக்குள் டார்ச் அடித்தார். அடியில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது.

நிமிர்ந்தார்.

"கையில என்னம்மா?"

தாச்சிவா கையை விரித்தாள். சுண்டுவிரல் தடிமனில் வெள்ளையாக, ஈரமாக ஒரு துண்டு. ஒரு முனை பிய்ந்து நூல் நூலாக நின்றது.

நியார்கோ எட்டிப் பார்த்தான்.

"பல்நார் சார்."

பெடியாகோவுக்கும் அதேதான் தோன்றியது. அந்த ஊரில் யாருக்கும் அதுதான் தோன்றும். காட்டுக்கொடியை அடித்துத் துவைத்துப் பஞ்சாக்கிய நார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பிடி வாயில் போட்டு மெல்ல வேண்டும். பல் பளிச்சென்று ஆகும், நார் வாயில் ஊறி வெள்ளைக் கட்டியாக நிற்கும். பெடியாகோவே தினமும் மெல்லுவார்.

அறையின் மூலையைப் பார்த்தார்.

ஒரு கூடை நிறையப் பல்நார்!

"யாரோடது?"

"என்னோடது ஐயா. சந்தையில விக்கிறேன்."

ஜிமா நெஞ்சில் அறைந்துகொண்டான். "கேட்டீங்களா சார்? இவ வயித்துல ஒரு புழு பூச்சி கிடையாது. அக்கா பிள்ளை மேல பொறாமை. என் வீட்டுக்கு அனுப்புடின்னு எத்தனை தடவை கேட்டேன்... மாட்டேன்னா. இதுக்குத்தான் வெச்சிருந்தா."

"நீ சும்மா இருய்யா. நான் கேக்குறேன்." பெடியாகோ தாச்சிவா பக்கம் திரும்பினார். "பிள்ளைகூட ரூம்ல வேற யாரு இருந்தா?"

"யாருமில்ல. நான்தான்."

"வாய்க்குள்ள கைய விட்டியா?"

"விட்டேன்."

"இந்தக் கீறல்?"

"என் நகம்தான்."

"இந்த வெள்ளை எங்கிருந்து வந்துச்சு?"

தாச்சிவா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"அவளுக்குள்ள இருந்துதான் ஐயா வந்துச்சு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நியார்கோ எழுதுவதை நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"அப்படியே எழுதவா சார்?"

"எழுது. மேஜிஸ்திரேட்டும் கொஞ்சம் சிரிக்கட்டும்."

"சத்தியமா ஐயா. நாலு நாளா காய்ச்சல். ராத்திரி பூரா இருமல். விடியக்காலம் இருமி இருமி மூச்சே நின்னுபோச்சு. வாயத் தொறந்து பாத்தேன்... உள்ளேயிருந்து இது எட்டிப் பாக்குது. இழுத்தேன். பிஞ்சு போச்சு. மிச்சம் உள்ளயே..."

உள்ளங்கையை அவர் முன் நீட்டினாள்.

பெடியாகோவின் போன் அடித்தது. மனைவி கொனாடு.

"ஏங்க, அம்போமாவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்ல. இருமலும் விட மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்க."

"ஊர்ல எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல? ஸ்கூலையே மூடியாச்சு. இஞ்சி தட்டிக் குடு. நான் கொலைக் கேஸ்ல நிக்கிறேன்."

"வண்டியையாவது அனுப்புங்களேன்."

"இருக்கிறது ஒரே பிக்கப். அதுல பொணத்த ஏத்தணும். வை போனை."

வைத்துவிட்டார். அம்போமா அவருடைய ஒரே மகள். வயது ஏழு. டூஃபி படித்த அதே பள்ளிக்கூடம், அதே பெஞ்சு.

அந்த நினைப்பு அப்போது அவருக்கு வரவில்லை.

டூஃபியை ஏற்றிக்கொண்டு பிக்கப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. தாச்சிவா கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். நியார்கோ பிடித்து நிறுத்தினான்.

"எங்க ஓடுற?"

"தனியா போறாளே... ஒருத்தரும் கூட இல்லாம."

"நீயும் தனியாத்தான் போகப்போற. வா."

*

ஸ்டேஷன்.

முன்னால் மேசை. பின்னால் கம்பி போட்ட ஒரு அறை. அதற்கும் பின்னால், இருபது எட்டு வைத்தால், போலீஸ்காரர்கள் குடும்பத்தோடு குடியிருக்கும் வரிசை வீடுகள். முதல் வீடு பெடியாகோவுடையது. அங்கே யாராவது இருமினால் இங்கே கேட்கும்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பெடியாகோ அந்த வெள்ளைத் துண்டைப் பழைய நாளிதழில் சுற்றிக் கவரில் போட்டார். மேலே தன் கையாலேயே எழுதினார்: பல்நார். கொலைக் கருவி.

போன். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் செர்வா. ஆற்றின் அந்தப் பக்கம் இருக்கும் ஒரே டாக்டரம்மா.

"இன்ஸ்பெக்டர், பிள்ளை வந்து சேர்ந்துட்டா. நான் அறுத்துப் பாக்க முடியாது, குமாசி பெரியாஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கிற டாக்டர்தான் பாக்கணும். மூணு வாரம் ஆகும். அங்க வரிசை அப்படி."

"ஆகட்டும். ஆள் உள்ளதான் இருக்கா."

"ஒண்ணு கேக்கணும். பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"ஊருக்கே இருக்கு."

"கையில இருந்த அந்தத் துண்டு... நீங்களா வெச்சிருக்கீங்க?"

"பத்திரமா. பேப்பர்ல சுத்தி."

"சுத்தாதீங்க. காஞ்சா எதுவும் தெரியாது. ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதுல போடுங்க. விரியுதான்னு பாருங்க."

"பல்நார் ஊறும் டாக்டர். விரியாது."

"அதுக்குத்தான் சொல்றேன். போட்டுப் பாருங்க. நான் எங்கயோ படிச்சிருக்கேன், நேர்ல பாத்ததில்ல. உறுதியா சொல்ல முடியல. ஆனா..."

"அம்மா, சாட்சிப் பொருளைத் தண்ணில ஊறப் போட்டா மேஜிஸ்திரேட் என்னைத் தூக்கி ஊறப் போடுவாரு. நீங்க ஆஸ்பத்திரியப் பாருங்க, நான் ஸ்டேஷனப் பாக்கிறேன்."

போனை வைத்துவிட்டு நியார்கோவைப் பார்த்துக் கண்ணடித்தார். நியார்கோ கடமைக்குச் சிரித்து வைத்தான்.

கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா... எங்க வீட்டுக்காரருக்கு யாரு சொல்றது? எல்லை தாண்டி புர்கினா பக்கம் லாரி ஓட்டிட்டுப் போயிருக்காரு. போன் போகல."

"தானா தெரியும்."

"நான் சொல்றேன் ஐயா. அடுத்தவங்க சொல்லி அவரு கேக்கக்கூடாது."

"என்னன்னு சொல்லுவ? உள்ளேயிருந்து நார் முளைச்சு வந்துச்சுன்னா?"

தாச்சிவா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகங்களுக்குள் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது.

"எத்தனை நாள் இங்க இருக்கணும்?"

"குமாசி ரிப்போர்ட் வரணும். மூணு வாரம்தான். கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"மூணு வாரம் அவ ஐஸ்ல கிடப்பாளா?"

பெடியாகோ மேசைக்குத் திரும்பினார். ஃபைலைக் கட்டி நியார்கோவிடம் கொடுத்தார். பதினோரு மணிக்கு அது மோட்டார் சைக்கிளில் கோர்ட்டுக்குப் போய்விட்டது. காலை ஏழரை மணிக்குச் செத்த பிள்ளைக்குப் பதினோரு மணிக்கு ஃபைல்! அவருக்கே பெருமையாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது.

ஒரு மணிக்கு ஆறு பாலத்தின் மேல் ஓடியது. பிக்கப் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

இரண்டு மணிக்கு கொனாடு அலறினாள்.

*

பெடியாகோ மழையில் ஓடினார்.

கட்டிலில் அம்போமா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்தது உள்ளே போகவில்லை. ஒரு பக்கத்து நெஞ்சு மட்டும்தான் அசைந்தது. விசில் மாதிரி ஒரு சத்தம்.

"காலையிலயே சொன்னேன்ல... வண்டி அனுப்புங்கன்னு சொன்னேன்ல..." கொனாடு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அனுப்பியது யார்? அவர்தான்.

டாக்டருக்கு அடித்தார். நாலாவது முறைதான் லைன் கிடைத்தது.

"டாக்டர், என் பொண்ணு... மூச்சு வரல..."

"காய்ச்சலா? இருமலா?"

"ரெண்டும்தான்."

"கூட்டிட்டு வாங்க."

"எதுல கூட்டிட்டு வர்றது? பாலம் முழுகிடுச்சு."

"படகு கிடைக்குதான்னு பாக்கிறேன். ஒரு மணி நேரமாவது ஆகும். இன்ஸ்பெக்டர்... அவ வாயத் தொறந்து பாருங்க."

பார்த்தார்.

தொண்டையின் அடியில், நாக்குக்குப் பின்னால், வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

அது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். தன் கையாலேயே கவரின் மேல் பெயர் எழுதி வைத்திருக்கிறாரே.

"என்ன தெரியுது? இன்ஸ்பெக்டர்? என்ன தெரியு..."

லைன் அறுந்தது.

பெடியாகோ விரலை விட்டார். வழுக்கியது. மறுபடி விட்டார். அம்போமா திமிறினாள். உதட்டோரம் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. முனை இன்னும் உள்ளே போனது.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?"

"தெரியலடி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

கல்யாணமான பத்து வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி கொனாடு கேட்டதில்லை.

அப்போதுதான் ஸ்டேஷன் பக்கமிருந்து சத்தம் வந்தது. யாரோ கம்பியைப் பிடித்து உலுக்கும் சத்தம்.

"இழுக்காதீங்க... யாரும் இழுக்காதீங்க!"

தாச்சிவா.

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் ஐயா. காலையில கேட்ட சத்தம். இழுத்தா பிஞ்சுடும். இங்க கொண்டு வாங்க... என்கிட்ட கொண்டு வாங்க."

கொனாடு புருஷனைப் பார்த்தாள். "யாருங்க அது? காலையில பிடிச்சீங்களே, பிள்ளையக் கொன்னவளா?"

ஆமாம் என்றால் மகளை ஒரு கொலைகாரியின் கையில் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் ஒரு அம்மாவைக் கம்பிக்குள் போட்டவர் அவர். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பதிலும் நன்றாக இல்லை.

அம்போமாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

பெடியாகோ மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

*

சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. ஒரு கையில் மகளை வைத்துக்கொண்டு திறந்தால் எந்தச் சாவியும் மறுக்கும்.

நியார்கோ குறுக்கே வந்தான். "சார், கொலைக் கேஸ் கைதி சார். கதவத் தொறக்கறதுன்னா கமாண்டர்கிட்ட..."

"நகருடா."

கதவு திறந்தது. தாச்சிவா வெளியே வரவில்லை. தரையில் உட்கார்ந்து மடியைக் காட்டினாள்.

"கவுத்துப் போடுங்க. தலை கீழ தொங்கணும். ஈரத்துணி ஒண்ணு குடுங்க."

கொனாடு தன் தலைத்துணியை அவிழ்த்து மழையில் நனைத்துக் கொடுத்தாள்.

"எதுக்குத் துணி?" என்றார் பெடியாகோ.

"வெறும் கையில வழுக்கும். காலையில வழுக்குச்சு, அதான் நகத்தால பிடிச்சேன். நகம் பட்டுத்தான் பிஞ்சது." துணியை இரண்டு விரலில் சுற்றிக்கொண்டாள். "அவ மூச்சு இழுக்கும்போது நானும் இழுத்தேன். அதுதான் நான் பண்ணின தப்பு. இருமும்போது மட்டும்தான் இழுக்கணும். மத்த நேரம் சும்மா பிடிச்சிட்டு இருக்கணும்."

"எத்தனை தடவை இப்படி எடுத்திருக்க?"

"ஒரு தடவை. காலையில."

"அது..."

"ஆமா ஐயா. அதேதான்."

பெடியாகோவின் கை தானாகவே மகளை நோக்கி நீண்டது. கொனாடு அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"விடுங்க. அவங்களுக்காவது என்னன்னு தெரியுது."

தாச்சிவா அம்போமாவின் காதில் குனிந்தாள். "பேரு என்ன கண்ணு? பேச வேணாம். டூஃபிகூடப் படிக்கிற அம்போமா தானே நீ? அவ சொல்லியிருக்கா. இருமு தாயி. ஒரே ஒரு இருமல். அத்தைக்காக."

முதுகில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

இருமல் வந்தது.

விரல் உள்ளே போனது. பிடித்தது. கொஞ்சம் வந்தது.

நின்றது.

அம்போமா மூச்சை இழுக்கப் பார்த்தாள். தாச்சிவாவின் கை அசையவில்லை. நெற்றியில் வேர்வை ஓடியது. அவள் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பெடியாகோவுக்கு அது கேட்டது.

"அவசரப்படாதடி... இந்தத் தடவை அவசரப்படாத..."

இருமல்.

இன்னும் கொஞ்சம்.

இருமல்.

அப்புறம் அது மொத்தமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தாச்சிவாவின் உள்ளங்கையில் விழுந்தது.

அம்போமா மூச்சை இழுத்தாள். நீளமாக, சத்தமாக. அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையை கொனாடு வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நியார்கோவின் தண்ணீர்க் கிண்ணம் மேசையில் இருந்தது. பெடியாகோ அதை எடுத்து வந்து தரையில் வைத்தார். டாக்டர் காலையில் சொன்னது இப்போதுதான் அவர் காதில் ஏறியது.

"அதுல போடும்மா."

தாச்சிவா போட்டாள்.

வெள்ளைக் கட்டி தண்ணீரில் மெல்லப் பிரிந்தது. ஒரு தண்டு. அதிலிருந்து இரண்டு கிளை. ஒவ்வொன்றிலும் நாலைந்து. அதன் நுனியெல்லாம் நூல் மாதிரி சின்னச் சின்னக் கிளைகள். கை அகலத்துக்கு ஒரு வெள்ளை மரம்.

எந்தப் பல்நாரும் இப்படி விரியாது.

"இதத்தானேய்யா காலையில சொன்னேன்," என்றாள் தாச்சிவா. "உள்ளேயிருந்து வந்துச்சுன்னு."

பெடியாகோ கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வாசலில் ஒரு குரல்.

"பாத்தீங்களா... எல்லாரும் வந்து பாருங்க!"

ஜிமா!

கைதியை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், நாலைந்து பேர் அவன் பின்னால். எல்லார் கண்ணும் ஒரே இடத்தில். திறந்த கம்பிக்கதவு. கொலைகாரியின் முன்னால் ஒரு பிள்ளை. பிள்ளையின் உதட்டில் ரத்தம். கொலைகாரியின் விரலில் வெள்ளை.

"இன்னொரு பிள்ளை வாயிலயும் திணிக்கிறா. இன்ஸ்பெக்டரே கதவத் தொறந்து விட்டிருக்காரு!"

"ஜிமா, நான் சொல்றதக் கேளு. இது வெளிய எடுத்தது. இங்க பாரு, கிண்ணத்தப் பாரு..."

"கிண்ணத்துல பல்நார ஊறப் போட்டா நான் நம்பிடணுமா சார்?"

அந்தக் கேள்வியை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது பெடியாகோவுக்கு.

ஜிமா அழுதுகொண்டிருந்தான். நடிப்பில்லை. காலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவன். அழுதுகொண்டே போனை எடுத்தான். கமாண்டர் அவனுக்கு ஒரு வகையில் உறவு.

*

மூன்றரைக்கு ஸ்டேஷன் போன் அடித்தது.

நியார்கோ எடுத்தான். எழுந்து நின்றான். ஏழு தடவை "எஸ் சார்" சொன்னான். ரிசீவரை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான்.

"பெடியாகோ," என்றது கமாண்டரின் குரல். "கொலைக் கேஸ் கைதிகிட்ட ஒரு சின்னப் பிள்ளையக் கொண்டு போய்க் குடுத்தியா?"

"சார், என் சொந்தப் பொண்ணு சார். அவதான் காப்பாத்தினா. அந்த டூஃபி சாவு கொலையே இல்ல சார். என் ஃபைல் தப்பு."

"காலையில நீதானே எழுதி அனுப்பின? கொலைதான், சந்தேகமே இல்லன்னு?"

"ஆமா சார். ஆனா..."

"மத்தியானம் உன் வீட்டு விஷயம்னதும் கொலை இல்லையா? யார் கேப்பான்? ஊர் ஸ்டேஷன் வாசல்ல நிக்குது. தண்ணி வடிஞ்சதும் நாளைக்கு நானே வரேன். அதுவரைக்கும் பெல்ட்டக் கழட்டி கார்ப்பரல்கிட்ட குடு. உள்ள போய் உக்காரு."

"உள்ளன்னா..."

"ஸ்டேஷன்ல எத்தனை உள்ள இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது.

டாக்டர் செர்வா நாலரைக்கு வந்து சேர்ந்தாள். மீன்காரரின் படகில், முழங்கால் வரை சேறு. அம்போமாவின் நெஞ்சில் காதுக்குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் காத்து போகுது. ஆனா மறுபடி இறுகலாம். இப்பவே படகுல கூட்டிட்டுப் போறேன்."

கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஃப்ளூ காய்ச்சல்தான் இது. லட்சத்துல ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகும். நுரையீரல் குழாய்க்குள்ள சளி இறுகி, குழாய் எப்படி இருக்கோ அப்படியே வார்ப்பு எடுத்த மாதிரி நிக்கும். மூச்சு அடைக்கும். நான் படத்துல பாத்ததோட சரி." கம்பி வழியாக இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "காலையில சொன்ன துண்டு எங்க?"

பெடியாகோ கம்பிக்கு உள்ளேயிருந்து மேசையைக் காட்டினார். நியார்கோ கவரைப் பிரித்தான். காய்ந்து சுருங்கி, பல்நாரே தோற்கும் அளவுக்குப் பல்நாராக இருந்தது.

டாக்டர் அதை வேறொரு கிண்ணத்தில் போட்டாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து அது அரைகுறையாக விரிந்தது. ஒரு தண்டு. ஒரு கிளை. இன்னொரு கிளை இருக்க வேண்டிய இடத்தில் பிய்ந்த நூல்கள்.

"மிச்சம்?" என்று கேட்டார் பெடியாகோ. கேட்டிருக்க வேண்டாம்.

"அவகிட்டதான் இருக்கு," என்றாள் தாச்சிவா. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "துணி சுத்தணும்னு எனக்குத் தெரியலயே. யாராவது சொல்லியிருந்தா..."

யாருக்குமே தெரியாததை யார் சொல்லியிருப்பார்கள்? டாக்டர் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"என் பேச்சு மட்டும் எடுபடாது," என்றாள் கடைசியில். "செத்த பிள்ளைய நான் அறுத்துப் பாக்கல. மிச்சப் பாதி உள்ள இருக்குன்னு குமாசி ரிப்போர்ட் சொல்லணும். நான் கெஞ்சிப் பாக்கிறேன். ஆனா வரிசை..."

"மூணு வாரம்," என்றார் பெடியாகோ.

"மூணு வாரம்தான் ஐயா," என்றாள் தாச்சிவா. கிண்டல் இல்லை. அவர் காலையில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிடுமாம்."

கொனாடு போகும்முன் கம்பியருகே வந்தாள். கையில் இரண்டு பொட்டலம் கென்கே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை, பொரித்த மீன். ஒன்றைத் தாச்சிவாவிடம் கொடுத்து அவள் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டாள். இன்னொன்றைப் புருஷனிடம் நீட்டினாள்.

"நான் வர்றவரைக்கும் அக்காவப் பாத்துக்கங்க," என்றாள். "முடிஞ்சா."

அம்போமா டாக்டரின் தோளிலிருந்து கை ஆட்டினாள். யாருக்கு என்று தெரியவில்லை. இரண்டு பேருமே பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

மழை விட்டது. கூட்டம் விடவில்லை.

பெடியாகோ பெல்ட் இல்லாத பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். எதிர் மூலையில் தாச்சிவா கென்கேயைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

"தாச்சிவா."

"ம்."

"காலையிலயே தண்ணில போட்டிருந்தா நீ இப்ப பிள்ளை பக்கத்துல உக்காந்திருப்ப. என்னால இப்ப ஒண்ணும் பண்ண முடியல. மன்னிச்சுக்கன்னு சொல்ற தகுதியும் இல்ல."

"அவரு லாரி எங்க நிக்குதுன்னு விசாரிச்சுச் சொல்லுவீங்களா?"

"என் போனையும் வாங்கிட்டானே நியார்கோ."

அவள் தலையாட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

கம்பிக்கு வெளியே நியார்கோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நோட்டில் புதுப் பக்கம். தொண்டையைச் செருமினான்.

"கோவிச்சுக்காதீங்க சார். கமாண்டர் உத்தரவு. உங்க வாக்குமூலம் எழுதணுமாம்."

"கேளு."

"பிள்ளை வாய்க்குள்ள கைய விட்டீங்களா?"

"விட்டேன்."

"உதட்டுல இருக்கிற கீறல்?"

"என் நகம்தான்."

நியார்கோ எழுதினான். பேனா அடுத்த கேள்வியில் தயங்கியது.

"அந்த வெள்ளை... அது எங்கிருந்து வந்துச்சு சார்?"

பெடியாகோ எதிர் மூலையைப் பார்த்தார். தாச்சிவாவும் அவரைப் பார்த்தாள்.

"சிரமப்படாத நியார்கோ," என்றார் இன்ஸ்பெக்டர். "காலையில எழுதினதையே பாத்துக் காப்பி அடிச்சுக்கோ... பேரை மட்டும் மாத்திடு!"